கடைக்காரருக்கு ஆங்கிலம்: 'செட் ஆஃப்' – ஒரு சொல், பல கணக்கு



சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. சின்ன காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியோடு என்னிடம் வந்தார். "அண்ணே, பேங்க்குல நம்ம கடனைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க போல. 'செட்'னு போட்டு 'ஆஃப்'னும் போட்டிருக்கான். கடன் செட்டில் ஆகி, கணக்கு ஆஃப் ஆயிடுச்சு, அப்படித்தானே?" என்றார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். அதில் இருந்த செய்தியே வேறு. அவர் கடையின் பெயரில் வாங்கிய கடனில் மூன்று தவணை பாக்கி. அதே வங்கியில் அவர் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்கிலிருந்து 42,000 ரூபாயை எடுத்து அந்தப் பாக்கியில் வரவு வைத்துவிட்டதாக வங்கி எழுதியிருந்தது. 'செட் ஆஃப் அகெயின்ஸ்ட்' என்பதே அக்கடிதத்தில் இருந்த சொல். விஷயத்தைச் சொன்னதும் நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பணம் அவருடையதே அல்ல. வைகாசி கருட சேவைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவதற்காகத் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து கொடுத்த வசூல் பணம் அது. கையில் வைத்திருந்தால் செலவாகிவிடும் என்று நல்லெண்ணத்தோடுதான் தம் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருந்தார்.

பந்தல் நிற்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நண்பர் வீட்டு நகையை அடகு வைத்து, குறித்த நாளில் பந்தலைப் போட்டு, மோரும் பானகமும் கொடுத்தார். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் முதல் நாளே தெரிந்திருந்தால், வங்கிக்குப் போய் முறையிட அவருக்குப் பத்து நாள் அவகாசம் கிடைத்திருக்கும். 'கடன் தள்ளுபடி' என்று நம்பியே அந்தப் பத்து நாளையும் விட்டுவிட்டார்.

எனவே இந்த இதழில் அந்த ஒரு சொல்லையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நம் 'கட்டு' போல ஒரு சொல்

'செட்' என்றால் வை, பொருத்து என்று பொருள். 'ஆஃப்' என்றால் விலகி, அப்பால் என்று பொருள். இரண்டையும் தனித்தனியே தெரிந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்லும்போது பொருள் பிடிபடுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வினையோடு ஒரு சிறு சொல்லை ஒட்டவைத்தால் புதிய வினையே பிறந்துவிடுகிறது. பள்ளியில் படித்த அகராதிப் பொருளை வைத்துக் கூட்டிப் பார்த்தால் கணக்குத் தவறும்.

இது நமக்குப் புதிதல்ல. நம் கடையிலேயே 'கட்டு' என்ற சொல் படும் பாட்டைப் பாருங்கள். மூட்டை கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், சீட்டு கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம். சரக்கு 'கட்டுபடி ஆகவில்லை' என்கிறோம். 'கடையைக் கட்டு' என்றால் கட்டடம் எழுப்பச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை; மூடச் சொல்கிறார்கள் என்று தெரியும். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்திலும் அதே வழிதான். 'செட் ஆஃப்' என்ற சொல் தென்பட்டால் அதன் முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைப் பார்க்க வேண்டும். அதற்கு ஆறு பொருள்கள் உண்டு. முதல் ஐந்தைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, நம் பணத்தைத் தொடும் ஆறாவது பொருளை விரிவாகப் பார்ப்போம்.

1. புறப்படுதல்

வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு விடியற்காலையில் புறப்படுகிறார். அந்தப் புறப்பாடு ஆங்கிலத்தில் 'செட் ஆஃப்'. கோயம்பேட்டிலிருந்து சரக்கு ஏற்றிய வண்டி கிளம்பினாலும் அதுவே. மொத்த வியாபாரி, 'தி லாரி செட் ஆஃப் அட் ஃபைவ்' என்று செய்தி அனுப்பினால், வண்டி ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டது என்று பொருள். வந்து சேர்ந்துவிட்டது என்றோ சரக்கை இறக்கிவிட்டார்கள் என்றோ பொருள் இல்லை. ஆளைக் கூப்பிட்டு நிறுத்தும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பொருளில் வரும்போது எதை என்ற கேள்விக்கு விடை இருக்காது. யார், எப்போது, எங்கே என்பவை மட்டுமே இருக்கும். அதுவே அடையாளம்.

2. வெடிக்கச் செய்தல், ஒலிக்கச் செய்தல்

சிவகாசிப் பட்டாசைக் கொளுத்துவதும் 'செட் ஆஃப்' தான். நகைக் கடையின் ஷட்டரை யாரோ அசைத்ததால் அபாய மணி அலறியது என்றால், அசைத்தவர் மணியை 'செட் ஆஃப்' செய்தார் என்பார்கள். நம்மில் பலர் இங்கேதான் தடுமாறுகிறோம். 'ஆஃப்' என்ற சொல்லைக் கண்டதும் மணியை நிறுத்தினார் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அடிக்கச் செய்தார் என்று பொருள். நிறுத்துவதற்கு 'ஸ்விட்ச் ஆஃப்', 'டர்ன் ஆஃப்' என்ற சொற்கள் உள்ளன. பட்டாசுக்கு உரிமம் எடுத்து விற்பவர்கள் பாதுகாப்புக் குறிப்புகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 'டூ நாட் செட் ஆஃப் இன்டோர்ஸ்' என்று அட்டையில் இருந்தால், வீட்டுக்குள் வெடிக்காதே என்று பொருள்.

3. தொடர் விளைவைத் தூண்டிவிடுதல்

ஒரு நிகழ்ச்சி இன்னொன்றைக் கிளப்பிவிட்டால் அதற்கும் இதே சொல். 2019-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் பருவம் தவறி நீடித்த மழை வெங்காயப் பயிரைக் கெடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. இருந்தும் டிசம்பரில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ஆங்கிலப் பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் இதை எழுதினால், மழை விலை ஏற்றத்தை 'செட் ஆஃப்' செய்தது என்று எழுதுவார்கள். விலை ஏற்றத்தைத் தடுத்தது என்று படித்துவிட்டால் கொள்முதலே தவறிவிடும். சந்தைச் செய்தியில் இந்தச் சொல்லைக் கண்டால், இதனால் அது கிளம்பியது என்று படியுங்கள்.

4. எடுப்பாகக் காட்டுதல்

இது நம் ஊருக்கே உரிய பொருள் என்று சொல்லலாம். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைக்கு வேறு நாடா என்று ஓட்டி, இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து நெய்வார்கள். அதனால்தான் உடல் ஒரு நிறமும் கரை அதற்கு எதிரான நிறமுமாகக் கலங்காமல் நிற்கின்றன. மயில் கழுத்து நிற உடலுக்கு அரக்குக் கரை வைத்தால் உடல் பளிச்சென்று தெரியும். அந்தக் கரை உடலை 'செட்ஸ் ஆஃப்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒன்றின் அருகே மாறான ஒன்றை வைத்து முன்னதை எடுத்துக் காட்டுவது இது.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்த பிறகு வெளிமாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் எழுதும் விற்பனைக் கடிதங்களில் இந்தச் சொல்லுக்கு நல்ல வேலை உண்டு. காந்தி சாலையில் பட்டுக் கடை வைத்திருப்பவர்கள் 'தி மரூன் பார்டர் செட்ஸ் ஆஃப் தி ப்ளூ' என்று எழுதினால் வாங்குபவருக்கு உடனே விளங்கும். மளிகைக் கடைக்காரரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். துவரம்பருப்பின் நிறம் நீலத் தட்டில் எடுப்பாகத் தெரியும். மஞ்சள் தட்டில் மங்கிவிடும்.

5. அச்சகத்தில் வரும் பொருள்

ஆண்டுத் தொடக்கத்தில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க நாட்காட்டி அச்சடிக்கிறோம். மை காயும் முன் தாள்களை அடுக்கினால் ஒரு தாளின் மை மேலே உள்ள தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அச்சுத் தொழிலில் அந்தக் குறைக்கு 'செட்-ஆஃப்' என்று பெயர். அச்சகத்தார், 'செட்-ஆஃப் விழுந்துவிட்டது' என்று சொன்னால், விலையில் கழிவு தருகிறார் என்று நினைக்க வேண்டாம். தாள் கறைபட்டிருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

6. ஒன்றுக்கொன்று நேர் செய்தல்

இனி நம் நண்பரைக் கலங்கவைத்த பொருளுக்கு வருவோம். ஒருவர் தர வேண்டியதையும் பெற வேண்டியதையும் எதிரெதிரே வைத்துக் கழித்து, மிச்சத்தை மட்டும் பார்ப்பது இந்தப் பொருள். கணக்குப் பிள்ளைகள் 'நேர் செய்தல்' என்பார்கள். வருமான வரியில் 'ஈடு செய்தல்' என்றும், சட்டத் தமிழில் 'எதிரீடு' என்றும் எழுதுவார்கள்.

இந்தப் பொருளில் வரும்போது பின்னால் 'அகெயின்ஸ்ட்' என்ற சொல் வரும். எதற்கு எதிரே என்பதை அதுதான் சொல்கிறது. கடிதத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் இருப்பது எடுக்கப்பட்ட தொகை. பின்னால் இருப்பது அது போய்ச் சேர்ந்த பாக்கி. இந்த இரண்டையும் கோடிட்டுப் பார்த்துவிட்டால் கடிதத்தின் பொருள் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

இதில் தள்ளுபடி எதுவும் இல்லை. கடன் குறைந்திருந்தால் நம் பணம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. இந்த ஒன்றை உறுதியாக மனத்தில் பதித்துக்கொண்டு, நாம் இச்சொல்லைச் சந்திக்கும் ஐந்து இடங்களைப் பார்ப்போம்.

அ) வியாபாரிக்கு வியாபாரி

நீங்கள் எண்ணெய் மண்டிக்கு 30,000 ரூபாய் தர வேண்டும். அந்த மண்டிக்காரர் தம் வீட்டுத் திருமணத்துக்கு உங்களிடம் 18,000 ரூபாய்க்கு மளிகை எடுத்திருக்கிறார். இரண்டையும் நேர் செய்து 12,000 ரூபாய் கொடுத்துவிடலாம். இது காலங்காலமாக நடப்பது.

ஆனால் நேர் செய்வது பணத்தை மட்டும்தான், பில்லை அல்ல. மண்டிக்காரர் 30,000 ரூபாய்க்கு முழு பில் போட வேண்டும். நீங்களும் 18,000 ரூபாய்க்கு முழு பில் போட வேண்டும். 12,000 ரூபாய்க்கு ஒரே பில் போட்டு முடித்தால் இருவர் விற்பனையும் கணக்கில் குறைந்துபோகும். வரிக் கணக்கும் தவறும். நேர் செய்த தேதி, தொகை, பில் எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சில் நேர் செய்த கணக்கு, அப்பா காலத்துக்குப் பிறகு பிள்ளைகளிடம் வழக்காக வருவதைப் பார்த்திருக்கிறோம்.

ஆ) வங்கியில்

கடன் வாங்கும்போது நாம் கையெழுத்திடும் தாள்களில், பாக்கி விழுந்தால் நம் மற்றக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும். அந்த வாசகத்திலும் 'செட் ஆஃப்' என்ற சொல்லே இருக்கும். இந்த உரிமைக்கு வரம்பு உண்டு. கடனும் இருப்பும் ஒரே ஆளுடையதாக, ஒரே தகுதியில் இருக்க வேண்டும். கடன் தவணை கடந்து, இவ்வளவு என்று உறுதியான தொகையாக இருக்க வேண்டும்.

ஒரே தகுதி என்றால் என்ன? கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும் கூட்டுக் கணக்கு வேறு. கணவர் தனியாக வாங்கிய கடன் வேறு. கூட்டு நிறுவனத்தின் கணக்கு வேறு. அதன் பங்காளி ஒருவரின் சொந்தக் கடன் வேறு. தனி ஒப்பந்தம் இல்லாமல் ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் வைக்க இயலாது. பிறருக்காக அறங்காவலராக வைத்திருக்கும் பணமும் அப்படியே. ஆனால் அது பிறர் பணம் என்பது வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் நண்பர் சறுக்கியது இங்கேதான். தம் பெயரில், தம் சொந்தக் கணக்கில், எந்தக் குறிப்பும் இல்லாமல் பொதுப் பணத்தைப் போட்டிருந்தார். வங்கியின் பார்வையில் அது அவர் பணமே.

ஆகவே திருவிழா வசூல், அன்னதானப் பணம், சீட்டுப் பணம், சங்கச் சந்தா ஆகியவற்றை ஒருபோதும் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள். சங்கம் அல்லது குழுவின் பெயரில், இரண்டு பேர் கையெழுத்திட்டு எடுக்கும்படி தனிக் கணக்குத் தொடங்குங்கள். பத்து நாள் விழாவுக்கா தனிக் கணக்கு என்று தோன்றலாம். ஆனால் அதற்கு ஆகும் அலைச்சல், நகை அடகுக்குப் போகும் அலைச்சலைவிடக் குறைவு.

இ) வருமான வரியில்

இங்கே இந்தச் சொல் இரண்டு முகத்தோடு வருகிறது. முதலாவது நமக்கு உதவுவது. ஒரு கடையில் நஷ்டம், இன்னொரு கடையில் லாபம் என்றால், நஷ்டத்தை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்படியும் மிஞ்சும் வியாபார நஷ்டத்தை அதே ஆண்டின் வாடகை வருமானம் போன்றவற்றிலும் கழிக்கலாம். சம்பள வருமானத்தில் மட்டும் கழிக்க முடியாது. அதன் பிறகும் மிஞ்சினால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று, வரும் ஆண்டுகளின் வியாபார லாபத்தில் கழிக்கலாம். எடுத்துச் செல்வதற்கு 'கேரி ஃபார்வர்டு' என்று பெயர். ஆனால் நஷ்டம் வந்த ஆண்டின் கணக்கைக் குறித்த தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். 'நஷ்டம்தானே, வரி ஏது, கணக்கு எதற்கு' என்று இருந்துவிட்டால் அந்த நஷ்டம் அடுத்த ஆண்டுக்கு உதவாது. ஊக வணிக நஷ்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம்.

இரண்டாவது முகம், ரீஃபண்டு வர வேண்டிய நேரத்தில் தெரிவது. பழைய ஆண்டு ஒன்றில் வரிப் பாக்கி இருப்பதாகத் துறையின் பதிவில் இருந்தால், உங்களுக்கு வர வேண்டிய தொகையை அந்தப் பாக்கிக்கு எதிரே 'செட் ஆஃப்' செய்யப் போவதாக அறிவிப்பு வரும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கு 245-ஆவது பிரிவு இருந்தது. அந்தப் பாக்கி சரியல்ல என்றால், குறித்த நாளுக்குள் மறுப்பைப் பதிவு செய்யலாம். அறிவிப்பு மின்னஞ்சலில்தான் வருகிறது. மின்னஞ்சல் முகவரியை ஆடிட்டர் அலுவலகத்துப் பையனுடையதாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுபவர்கள் நம்மில் அதிகம். அவர் வேலையை விட்டுப் போனபின் வரும் கடிதம் யார் கண்ணிலும் படாது.

ஈ) ஜி.எஸ்.டி.யில்

பழைய விற்பனை வரிச் சட்டம் 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் காலத்தில் பெரும்பாலான சரக்குக்கு ஒரே கட்டத்தில் வரி; அதற்குப் பின் விற்பவருக்கு வரி இல்லை. 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. இவை இரண்டிலும் வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம். சட்டத்தில் உள்ளீட்டு வரி வரவு என்று பெயர் இருந்தாலும், பேச்சில் எல்லோரும் 'செட் ஆஃப்' என்றே சொல்கிறோம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நம் மாநில மண்டியில் 1,00,000 ரூபாய்க்கு சமையல் எண்ணெய் வாங்கினால் 5 சதவீத வரி 5,000 ரூபாய். மத்திய வரி 2,500, மாநில வரி 2,500. அதை 1,10,000 ரூபாய்க்கு விற்றால் வரி 5,500. வாங்கும்போது கட்டிய 5,000-ஐ எதிரே வைத்துக் கழித்தால், கட்ட வேண்டியது 500 ரூபாய். மத்திய வரிக்கு 250, மாநில வரிக்கு 250.

இதில் கவனிக்க வேண்டியவை:

மத்திய வரியின் வரவை மாநில வரிக்கும், மாநில வரியின் வரவை மத்திய வரிக்கும் பயன்படுத்த முடியாது. வெளிமாநிலக் கொள்முதலில் கட்டிய ஒருங்கிணைந்த வரியை முதலில் அதே வகை வரிக்கும், மிச்சத்தை மற்ற இரண்டுக்கும் பயன்படுத்தலாம்.

விற்றவர் தம் கணக்கைத் தாக்கல் செய்து, உங்கள் பில் 2பி பட்டியலில் வந்தால்தான் வரவு கிடைக்கும். பில் கையில் இருந்தால் மட்டும் போதாது.

பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்கவில்லையென்றால், எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்தபின் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

மழையில் நனைந்தோ எலி கடித்தோ அழிந்த சரக்கு, திருடு போன சரக்கு, இலவசமாகக் கொடுத்த சரக்கு ஆகியவற்றுக்கு வரவு இல்லை.

வட்டி, தாமதக் கட்டணம், அபராதம் ஆகியவற்றை இந்த வரவில் நேர் செய்ய முடியாது. ரொக்கமாகவே கட்ட வேண்டும்.

காம்பொசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவும் கூடாது.

உ) நீதிமன்றத்தில்

மொத்த வியாபாரி 80,000 ரூபாய்க்கு உங்கள்மேல் வழக்குப் போடுகிறார். அவர் உங்களுக்கு 30,000 ரூபாய் தர வேண்டும் என்று கையெழுத்திட்ட சீட்டு உங்களிடம் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 8-ஆவது கட்டளை, 6-ஆவது விதி இதற்கு வழி செய்கிறது. உங்கள் எதிருரையிலேயே அந்த 30,000-ஐ எதிரீடாகக் கேட்கலாம். அதற்குரிய நீதிமன்றக் கட்டணம் உண்டு. தொகை உறுதியானதாக இருக்க வேண்டும். காலவரையறை கடந்திருக்கக் கூடாது. 'அவர் அனுப்பிய பருப்பில் வண்டு இருந்தது, எனக்கு எவ்வளவோ நஷ்டம்' என்பது உறுதியான தொகை அல்ல. அதற்கு எதிர்வழக்கு என்ற வேறு வழி உண்டு, வழக்கறிஞரைக் கேளுங்கள்.

குழப்பிக்கொள்ளக் கூடாத சொற்கள்

'வெய்வ்' என்றால் தள்ளுபடி. நண்பர் எதிர்பார்த்த சொல் இதுதான்.

'ரைட் ஆஃப்' என்பது வாராக் கடன் என்று வங்கி தன் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவது. அதனால் கடனாளியின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. வங்கி தொடர்ந்து வசூலிக்கலாம்.

'பே ஆஃப்' என்றால் கடனை முழுதாகக் கட்டித் தீர்ப்பது.

'செட் அசைட்' என்றால் தனியே எடுத்து வைப்பது. நீதிமன்றத் தீர்ப்பில் வந்தால், முந்தைய ஆணையை ரத்து செய்வது.

'ஆஃப்செட்' என்று திருப்பிச் சொன்னாலும் நேர் செய்தல் என்ற பொருளே. அச்சு முறை ஒன்றுக்கும் அப்பெயர் உண்டு.

ஓர் இலக்கணக் குறிப்பு

'செட்' என்ற வினை இறந்த காலத்திலும் மாறாது. எனவே, 'வி செட் ஆஃப் தி அமவுண்ட்' என்று இருந்தால் வழக்கமாகச் செய்கிறோம் என்றும் கொள்ளலாம், செய்துவிட்டோம் என்றும் கொள்ளலாம். முன்னால் 'வில்' அல்லது 'ப்ரொபோஸ்' என்று இருந்தால் இனிமேல்தான் செய்யப் போகிறார்கள். மறுப்புச் சொல்ல நேரம் இருக்கிறது. 'ஹாஸ் பீன்' என்று இருந்தால் வேலை முடிந்துவிட்டது. அன்றே நேரில் போக வேண்டும்.

பயிற்சி

கீழே உள்ள ஐந்து செய்திகளையும் படித்து, பொருளை ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் உள்ள பிள்ளைகளையும் எழுதச் சொல்லலாம்.

1. தி ட்ரைவர் செட் ஆஃப் ஃபார் காஞ்சிபுரம்.
2. யுவர் ரீஃபண்டு வில் பி செட் ஆஃப் அகெயின்ஸ்ட் தி டிமாண்ட்.
3. தி ஸ்மோக் செட் ஆஃப் தி அலாரம்.
4. தி கோல்டு பார்டர் செட்ஸ் ஆஃப் தி க்ரீன்.
5. தி டெபாசிட் ஹாஸ் பீன் செட் ஆஃப் அகெயின்ஸ்ட் தி லோன்.

விடைகள்: 1. ஓட்டுநர் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிவிட்டார். 2. உங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்டைப் பழைய வரிப் பாக்கியில் வைக்கப் போகிறார்கள். பாக்கி சரியா என்று பார்த்து, இல்லையென்றால் மறுப்பு எழுதுங்கள். 3. புகையால் அபாய மணி அடித்தது. 4. ஜரிகைக் கரை பச்சை உடலை எடுப்பாகக் காட்டுகிறது. 5. உங்கள் வைப்புத் தொகையை எடுத்துக் கடனில் வரவு வைத்துவிட்டார்கள். அது யார் பணம், எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொண்டு உடனே வங்கிக்குப் போங்கள்.

நண்பர் மறு ஆண்டே தெருக் கடைக்காரர்கள் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கிவிட்டார். பந்தல் வசூல் இப்போது அதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் கடிதம் வந்தால் முதலில் 'அகெயின்ஸ்ட்' எங்கே இருக்கிறது என்று தேடிவிட்டுத்தான் அடுத்த வரியைப் படிக்கிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.